டீமேக்கர் கலக்கிய மொஹிட்டோ

இலங்கை மலைநாட்டில் எல்ல என்ற ஊரில், சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி ஒன்றில் மதுபானம் கலக்கும் வேலையில் இருக்கும் என் தங்கை மகன், சென்ற ஆடி மாதம் விடுமுறைக்குப் பண்டாரவளைக்கு வந்தபோது ஒரு போத்தல் வெள்ளை ரம்மைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "மாமா, சாராயத்துல தேசிக்காய் பிழிஞ்சு குடிக்கிறத விட்டுட்டு இத ஒருக்கா செஞ்சு பாருங்க" என்று சொல்லி, மொஹிட்டோவின் செய்முறையை ஒரு கடதாசித் துண்டில் ஐந்து வரியில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் காலை ரயிலில் திரும்பிப் போய்விட்டான். அந்த ஐந்து வரியை ஒழுங்காகச் செய்து முடிக்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இலையின் வாட்டல் நேரத்தையும் உருட்டல் நேரத்தையும் நாள்தோறும் எழுதிவந்த பழக்கத்தில் இதற்கும் ஒரு கொப்பி போட்டு எழுதி வைத்தேன். அந்தக் கொப்பியிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக, அதாவது கொழுந்தைத் தூளாக்கும் வேலையைப் பார்ப்பவனாக இருந்தவன். இலையைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற எண்ணம் எனக்கு இருந்தது. முதல் முயற்சி கெட்டுப்போனதற்கு அந்த எண்ணமே காரணம்.

மொஹிட்டோ என்பது கியூபாவில் பிறந்த பானம். வெள்ளை ரம், தேசிக்காய்ச் சாறு, சீனி, புதினா, சோடா ஆகிய ஐந்துடன் ஐஸும் சேர்ந்தால் பொருட்கள் முடிந்துவிட்டன. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடலோடி பிரான்சிஸ் டிரேக்கின் கப்பல்கள் கரீபியன் கடலில் திரிந்த காலத்தில், வயிற்று நோய்க்கு மருந்தாகக் கரும்புச் சாராயத்தில் புதினாவையும் தேசிக்காயையும் கலந்து கொடுத்தார்கள் என்றும், அதுவே இதன் மூதாதை என்றும் ஒரு கதை உண்டு. கதை என்ற அளவிலேயே அதை வைத்துக்கொள்ளலாம். 1930களில் ஹவானா நகரத்து மதுச்சாலைகளில் இன்றைய பெயரோடும் இன்றைய பொருட்களோடும் இது பரிமாறப்பட்டது உறுதி. மருமகன் எழுதிக்கொடுத்த அளவு, உலக மதுக்கலவையாளர் சங்கம் ஏற்றுக்கொண்ட அளவுதான்: ரம் 45 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு 20 மில்லிலீற்றர், சீனி இரண்டு தேக்கரண்டி, ஆறு கிளை புதினா, மேலே கொஞ்சம் சோடா.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் புதினா என்று கேட்டால் சில கடைக்காரர்கள் விழிப்பார்கள். மிஞ்சி என்று சிங்களப் பெயரைச் சொன்னால் உடனே ஒரு கட்டுப் புதினாவை எடுத்து நீட்டுவார்கள். வீட்டுக்கு வந்து, இலைகளை உருவி, அடுப்படியில் இருந்த சிறிய கல்லுரலில் சீனியோடு போட்டு, நன்றாக நசுங்கும்வரை இடித்தேன். இலையின் சாறு முழுவதும் வெளியே வந்தால்தான் வாசனை வரும் என்பது என் கணக்கு. உரலில் பச்சைக் களி மாதிரி ஒன்று சேர்ந்தது. அதைக் கிளாஸில் வழித்துப் போட்டு, சாறும் ரம்மும் ஐஸும் சேர்த்து, கடையில் வாங்கிவந்த சோடாவை ஊற்றியபோது, குளத்துப் பாசி கலங்கியது போல் ஒரு நிறம் வந்தது. என் மனைவி கிளாஸை வாங்கி முகர்ந்துவிட்டு, "என்னாங்க இது, பச்ச சம்பலுக்குத் தண்ணி ஊத்துன மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு நியாயமும் இருந்தது. அதற்கு முந்திய நாள் அந்த உரலில் செத்தல் மிளகாயும் வெங்காயமும் இடித்திருந்தார்கள்; எத்தனை தடவை கழுவினாலும் கல்லின் நுண்துளைகளில் தங்கியிருந்த காரம் என் கலவைக்குள் இறங்கிவிட்டது. அதைத் தவிர்த்துப் பார்த்தாலும் கசப்பும் துவர்ப்பும் நாக்கில் அப்படியே நின்றன. இலைத் துணுக்குகள் பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டன.

இரவு படுத்தபடி யோசித்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தேயிலையில் எங்கள் வேலை முழுவதும் இலையை உடைப்பதுதான். கொழுந்தைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட்டி, அதன் ஈரத்தைப் பாதியளவுக்குக் கொண்டுவந்து, பிறகு ரோலரில் போட்டு உருட்டுவது எதற்காக என்றால், இலைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும் நொதியமும் துவர்ப்புப் பொருளும் கலங்கள் உடைந்து ஒன்றோடொன்று சேர்ந்து, காற்றில் பட்டுச் சிவந்து, தேநீருக்கு நிறத்தையும் சுவையையும் கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். தேயிலையில் வாசனை, நிறம், காரம் எல்லாம் உடைந்த பிறகு பிறப்பவை. புதினாவில் நிலைமை வேறு. அதன் வாசனை எண்ணெய், இலையின் மேற்பரப்பில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய சுரப்பிகளில் மெல்லிய தோலுக்கு அடியில் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இலையை விரலால் தடவினாலே கை மணப்பது அதனால்தான். மேல்தோல் கீறும் அளவுக்கு அழுத்தினால் எண்ணெய் வந்துவிடும். அதற்கு மேல் இடித்தால் உள்ளே இருக்கும் பச்சையமும் கசப்பும் வரும். தேயிலையில் நடக்கும் அதே சிவப்பும் இங்கே நடந்து இலை கறுத்துப்போகும். 31 ஆண்டுகளாக நான் எதைச் சரியாகச் செய்து சம்பளம் வாங்கினேனோ, அதையே ஒரு கிளாஸ் புதினாவுக்கும் செய்து அதைக் கெடுத்திருக்கிறேன்.

ஆகவே உரலை விட்டேன். அடுத்து மோர் கடையும் மத்தை எடுத்துப் பார்த்தேன். அதன் பல் பல்லான விளிம்பு இலையைக் கிழித்ததே தவிர அழுத்தவில்லை. அகப்பைக் காம்பு மெலிதாக இருந்ததால் இலைகள் அதற்கு இரண்டு பக்கமும் நழுவி ஓடின. கடைசியில், மறுநடுகைக்காகப் பிடுங்கி விறகுக்குக் குவித்திருந்த பழைய தேயிலைச் செடிகளில் ஒன்றின் அடிக்கட்டையை எடுத்துவந்து, ஒரு நசுக்குக் கட்டையை நானே செதுக்கினேன். தேயிலைக் கட்டை கனமானது, இழை நெருக்கமானது, கத்திக்கு எளிதில் வளையாதது. ஒரு சாண் நீளத்தில் வெட்டி, பட்டையைச் சீவி, ஒரு முனையை 3 சென்றிமீற்றர் அகலத்துக்குத் தட்டையாக விட்டு, விளிம்பை மட்டும் உருட்டி, மணல்தாள் போட்டு வழவழப்பாக்கினேன். வார்னிஷ் எதுவும் பூசவில்லை. பூசினால் நாளடைவில் அது உரிந்து கிளாஸுக்குள் வந்துவிடும். சுடுநீரில் ஊறப்போட்டபோது முதல் நாள் நீர் வெளிறிய தேநீர் போல நிறம் மாறியது. நீர் தெளிந்து நிற்கும்வரை நான்கு நாள் மாற்றி மாற்றி ஊறவைத்து, நிழலில் உலர்த்தி எடுத்தேன். கட்டை செய்ததில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி, உண்மையைச் சொன்னால், பானத்தில் கிடைத்ததைவிடக் குறைந்ததல்ல.

சீனியில் அடுத்த சிக்கல். எங்கள் ஊவா மாகாணத்தின் கீழ்ப்பகுதியில் கரும்பு விளைகிறது என்பதால் அங்குள்ள பெல்வத்தை ஆலையின் சிவப்புச் சீனியைப் போட்டால் மண்ணுக்கும் கௌரவமாக இருக்கும் என்று நினைத்தேன். அதன் பாகு வாசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது புதினாவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டது, நிறமும் மங்கியது. வெள்ளைச் சீனியைப் போட்டபோது நிறம் தெளிந்தது என்றாலும், குளிர்ந்த சாற்றில் அது கரைய நேரம் எடுத்ததால், முதல் மிடறு புளிப்பாகவும் கடைசி மிடறு பாகாகவும் இருந்தன. 100 கிராம் சீனியை 100 மில்லிலீற்றர் வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, ஒரு சிறிய போத்தலில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்த பிறகு அந்தத் தொல்லை ஒழிந்தது. அந்தச் சீனிப்பாகில் 15 மில்லிலீற்றர் எடுத்தால் ஏறத்தாழ 9 கிராம் சீனி இருக்கும். அது இரண்டு தேக்கரண்டிக்குச் சமம். அளப்பதற்குப் பேரப்பிள்ளையின் இருமல் மருந்தோடு வந்த பிளாஸ்டிக் குவளை போதும். அதில் 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கிறது.

சோடா விஷயத்தில் நான் ஏமாந்தது மொழியால். நம் பக்கத்தில் சோடா என்றால் நுரைத்து வரும் இனிப்புப் பானம் எல்லாமே சோடாதான். கடைப் பையன் முதல் நாள் கொடுத்தது வெண்ணிலா வாசனை போட்ட இனிப்புச் சோடா; நானும் பெயரைப் பார்க்காமல் வாங்கிவந்துவிட்டேன். "வெறும் சோடா, இனிப்பு இல்லாதது" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். இன்னொன்று, மலைக்கே உரிய தொல்லை. பண்டாரவளை கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் இருப்பதால் இங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. மேலே ஏறும் பஸ்ஸில் பொரியல் பக்கெட்டுகள் ஊதிக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கீழே அடைத்த சோடாவை இங்கே, அதுவும் பையில் குலுங்கி வந்த சூட்டோடு திறந்தால் காபனீரொட்சைட்டு பொங்கி வெளியேறி, பாதிச் சோடா மேசையில் ஓடும், மீதியில் உயிர் இருக்காது. இரவு முழுவதும் பிரிட்ஜில் நிறுத்தி வைத்து, குலுக்காமல் எடுத்து, மூடியை ஒரு சுற்றுத் தளர்த்தி, சீறல் அடங்கிய பிறகு முழுதாகத் திறந்தால் பொங்குவதில்லை. குளிர்ந்த நீரில் வாயு அதிகம் கரைந்து நிற்கும் என்பதே இதன் காரணம்.

ஐஸைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பானத்தில் ஏதோ ஒரு வாடை அடித்தது. தேநீர் ருசி பார்க்கும்போது வாயில் உறிஞ்சுவது போல் உறிஞ்சிப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒரு ஐஸ் கட்டியை மட்டும் வாயில் போட்டபோது உடனே தெரிந்தது: கருவாடு. ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் கடதாசியில் சுற்றிய நெத்தலிக் கருவாடு ஒரு மாதமாக இருந்திருக்கிறது. மூடியுள்ள தட்டு ஒன்று வாங்கி, புதிய ஐஸ் போட்டேன். கட்டிகளைத் தடித்த துணியில் சுற்றி இரண்டு தட்டுத் தட்டி, நான்காக உடைத்துப் போடுகிறேன். பொடிப்பொடியாக உடைத்தால் சீக்கிரம் குளிரும், ஆனால் அதே வேகத்தில் உருகிப் பானத்தை நீர்த்துப்போகச் செய்யும்.

ரம்மைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளை ரம் என்பது கரும்புப் பாகிலிருந்து வடித்து, பெரும்பாலும் மரப்பீப்பாயில் கொஞ்சக் காலம் வைத்து, கரியில் வடிகட்டி நிறத்தை நீக்கியது. நம் தென்னஞ் சாராயம் கள்ளிலிருந்து வருவது. அதை ஊற்றியும் ஒருநாள் பார்த்தேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் சாராயத்தின் மணம் புதினாவோடு சண்டை பிடித்தது. அளவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. மருமகன் தந்த போத்தலில் 40 சதவீதம் என்று இருந்தது. 45 மில்லிலீற்றரில் சுத்த மதுசாரம் 18 மில்லிலீற்றர், அதாவது சுமார் 14 கிராம். சீனியும் புளிப்பும் அதை மறைத்துவிடுவதால் இரண்டாவது கிளாஸ் தானாகக் கைக்கு வரும். இரண்டு கிளாஸ் என்பது கால் போத்தலில் பாதி. சம்பள நாளில் தவறணை வாசலில் பிள்ளையோடு காத்துநின்ற பெண்களைப் பல வருடம் பார்த்தவன் என்பதால், வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு கிளாஸ் என்று கணக்கு வைத்திருக்கிறேன்.

நான்காவது வாரம் தொழிற்சாலை முறையில் ஒரு பரிசோதனை செய்தேன். நான்கு கிளாஸில் ஒரே அளவு சாறு, பாகு, புதினா. முதலாவதில் இலையைத் தொடவில்லை. இரண்டாவதில் ஐந்து தடவை அழுத்தித் திருப்பினேன். மூன்றாவதில் இருபது தடவை. நான்காவதில் நன்றாகக் கழுவிய உரலில் இடித்தது. ரம் ஊற்றாமல் சோடா மட்டும் விட்டு, எது எதென்று எனக்குத் தெரியாதபடி மனைவியை இடம் மாற்றி வைக்கச் சொன்னேன். தொடாத கிளாஸ் தேசிக்காய்ச் சாறாகவே இருந்தது, புதினா எங்கோ தூரத்தில் நின்றது. ஐந்து அழுத்தலில் வாசனை மூக்குக்கு முதலிலும் நாக்குக்குப் பிறகும் வந்தது, கசப்பு இல்லை. இருபதில் வெட்டிய புல்லின் வாடை. நாக்கின் இரண்டு ஓரமும் இறுகின. தேநீரில் அந்த இறுக்கம் வந்தால் நல்ல விலை போகும் என்று எழுதியிருப்பேன். இங்கே அது குற்றம். இடித்ததைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, ஐந்து அழுத்தல் கிளாஸில் இலைகள் இன்னும் பச்சையாகவே மிதந்தன. தேசிக்காய்ப் புளிப்பு அந்த நொதியத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. ஆகவே சாற்றை முதலில் ஊற்றி, அதற்குள் வைத்து இலையை அழுத்துவதுதான் முறை, வெறும் இலையை அழுத்திவிட்டுச் சாறு விடுவதல்ல.

இப்போது நான் செய்யும் விதம் இது. தேசிக்காயை மேசையில் உள்ளங்கையால் உருட்டி, குறுக்கே வெட்டி, தோலைப் பிழிந்தெடுக்காமல் சாற்றை மட்டும் எடுத்து, உயரமான கிளாஸில் 20 மில்லிலீற்றர் ஊற்றுகிறேன். 15 மில்லிலீற்றர் பாகு விட்டு, ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கிறேன். காய்க்குக் காய் புளிப்பு மாறும் என்பதால் இந்தக் கரண்டியைத் தவிர்க்கக் கூடாது. குளிரில் இனிப்பு மங்கித் தெரியும் ஆகையால், இந்த நேரத்தில் கொஞ்சம் இனிப்பு மிகுந்தே இருக்க வேண்டும். கழுவித் துணியில் ஒற்றிய பத்துப் பன்னிரண்டு இலைகளைப் போட்டு, கட்டையின் தட்டை முனையை இலைமேல் வைத்து, மெதுவாக அழுத்தி, கால்வாசி திருப்பி, எடுக்கிறேன், ஐந்து தடவை. இலை முழுதாக இருக்க வேண்டும், சற்று நிறம் அடர்ந்து சுருங்கியிருந்தால் போதும். 45 மில்லிலீற்றர் ரம், பாதிக் கிளாஸ் ஐஸ், அடியிலிருந்து இலையைத் தூக்குவது போல நீளக் கரண்டியால் பத்துச் சுற்று. பிறகு விளிம்புவரை ஐஸ் நிரப்பி, கிளாஸைச் சாய்த்து ஓரமாக 90 மில்லிலீற்றர் சோடாவை விட்டு, ஒரே ஒரு தடவை கலக்குகிறேன். கடைசியாக ஒரு கிளைநுனியை உள்ளங்கையில் வைத்து மறு கையால் ஒரு தட்டுத் தட்டி, மூக்குப் படும் இடத்தில் செருகுகிறேன். குடிக்கும்போது வாய்க்கு முன் மூக்கு நிறைய வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தட்டு. மருமகன் அதைக் கடதாசியில் எழுத மறந்துவிட்டான்.

ஐந்து மணிக்கு மேல் இந்த ஊரில் ஐஸ் போட்ட பானம் குடிக்கிறவனைப் பார்த்தால் சிரிப்பார்கள். ஆனால் கச்சான் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் ஆடி, ஆவணி மாதங்களில், பகல் இரண்டு மணிக்கு உதடு வெடிக்கும் வெயில் அடிக்கும்; மொஹிட்டோவுக்கு அதுதான் வேளை. அந்தக் காற்றுக் காலத்தில்தான் ஊவாத் தேயிலைக்கும் பெயர்பெற்ற மணம் வருகிறது. ருசி பார்ப்பவர்கள் அதை மெந்தோல் மணம் என்பார்கள். வலித் தைலங்களில் இருக்கும் மெதில் சலிசிலேட்டின் பங்கு அதில் உண்டு. இது ஞாபகம் வந்ததால், மது தொடாத என் மனைவிக்காக ரம்முக்குப் பதில் ஆறிய ஊவாத் தேநீரை ஊற்றிப் பார்த்தேன். 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், நான்கு நிமிடம், வடித்து அறைச் சூட்டில் ஆறவைத்தது. அதில் 60 மில்லிலீற்றர். நேரே பிரிட்ஜில் வைத்தால் தேநீர் கலங்கிப்போகும். தேசிக்காய் பட்டதும் தேநீர் வெளிறிப் பொன்னிறமானது. புதினாவும் தேயிலையும் ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன. பொய் சொல்வானேன், கொப்பியில் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

புதினா இப்போது சந்தையில் வாங்குவதில்லை. வாங்கிய கட்டில் நல்ல தண்டுகள் நான்கை எடுத்து, அடி இலைகளை உருவி, தண்ணீர்க் கிளாஸில் ஜன்னலோரம் வைத்ததில் எட்டாம் நாள் வெள்ளை வேர் விட்டது. அதை மண்ணில் விட்டால் முற்றம் முழுவதும் ஓடிவிடும் என்பதால், பழைய எண்ணெய்க் கேனைப் பாதியாக வெட்டி, அடியில் துளை போட்டு, பீலித் தண்ணீர் வழியும் ஓரத்தில் அரை நிழலில் வைத்திருக்கிறேன். பூ விடப் பார்த்தால் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், கொழுந்து கிள்ளுவது போலவே, இரண்டு இலையும் ஒரு மொட்டும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் என் பழைய கை சரியாக வருகிறது.